சுண்ணாம்பும் குளிரும்: ஓர் அரை இனிப்பு ஒயினை முன்வைத்து

தமிழில் குடியைப் பற்றி எழுதுகிறவனுக்கு இரண்டு இடங்கள்தான் ஒதுக்கப்பட்டிருக்கின்றன. ஒன்று உபதேசியின் இடம். மற்றது கெட்டுத் திருந்துகிறவனின் இடம். சினிமாவை எடுத்துக்கொண்டாலும் சரி, சிறுகதையை எடுத்துக்கொண்டாலும் சரி, குடிப்பவன் ஒன்று அழிவான், அல்லது திருந்துவான், அல்லது சிரிப்புக் காட்டுவான். அவன் நாக்கில் என்ன நடந்தது என்று யாரும் கேட்பதில்லை. காப்பிக்கு டிகாக்ஷன் இறங்கும் பதத்தைப் பற்றிப் பத்து நிமிடம் பேசுகிற நாம், குடி என்று வந்தால் 'நல்ல சரக்கு' என்ற ஒற்றைச் சொல்லோடு நிறுத்திக்கொள்கிறோம். சிறுபத்திரிகைக்காரர்களும் இதற்கு விலக்கில்லை. இலக்கியச் சந்திப்புகளின் பின்னிரவுகளைப் பற்றி இதுவரை அச்சில் வந்திருப்பதெல்லாம் யார் யாரை அடிக்கப் போனார் என்கிற வரலாறுதான். என்ன குடித்தார்கள், அது எப்படி இருந்தது என்பதற்கு ஆவணம் கிடையாது.

இந்தக் கட்டுரை ஒரு ஒயினை ருசித்ததைப் பற்றியது. ருசி என்பது மேட்டுக்குடி விவகாரம், நமக்கு வேறு வேலை இருக்கிறது என்று நினைக்கிற தோழர்கள் கொஞ்சம் பொறுத்துக்கொள்ள வேண்டும். ருசியைப் பேசாமல் விட்டுவிட்டதில்தான் நாம் கள்ளை இழந்தோம் என்று எனக்குப் படுகிறது.

ஒயினின் பெயர் கிந்த்ஸ்மராவுலி. ஜார்ஜியாவின் கிழக்கே காஹெத்திப் பகுதியில், அலசானி ஆற்றுப் பள்ளத்தாக்கில், க்வரேலி என்ற ஊரைச் சுற்றி விளைகிற சபெராவி திராட்சையிலிருந்து வருவது. சபெராவி என்றால் சாயம் தருவது என்று பொருள். பெரும்பாலான கறுப்புத் திராட்சைகளுக்குத் தோலில்தான் நிறம் இருக்கும், உள்ளே சதை வெளுத்திருக்கும். இதற்குச் சதையிலும் நிறம். மேற்கே ராச்சா மலைப்பகுதியில் இதற்கு ஒரு பங்காளி உண்டு, ஹ்வஞ்ச்காரா. அலெக்ஸாண்ட்ரவுலி, முஜுரெதுலி என்ற இரண்டு திராட்சைகள் சேர்ந்து ஆவது, ஸ்டாலினுக்குப் பிடித்தது என்று பெயர் வாங்கியது. (ஸ்டாலின் என்ற பெயருக்குத் தமிழ்நாட்டில் அடிக்குறிப்புத் தேவையில்லை.) சோவியத் காலத்தில் இந்த ஒயின்களுக்கு ரேஷன் கார்டு மாதிரி எண் கொடுத்து வைத்திருந்தார்கள். ஹ்வஞ்ச்காரா 20, கிந்த்ஸ்மராவுலி 22. முன்னது முதலில் கிபியானி என்ற பிரபுக் குடும்பத்தின் பெயரில்தான் விற்றது. புரட்சிக்குப் பிறகு பிரபு போனார், ஊர்ப்பெயர் வந்தது. கிந்த்ஸ்மராவுலி 1942லிருந்து வருகிறது.

இவை இரண்டையும் 'இயற்கையான அரை இனிப்பு' என்று வகைப்படுத்துகிறார்கள். அதாவது சர்க்கரை எதுவும் சேர்ப்பதில்லை. திராட்சைச் சாற்றிலுள்ள சர்க்கரையை ஈஸ்ட் தின்று சாராயமாக மாற்றிக்கொண்டே வரும்போது, முழுவதையும் தின்று முடிக்கும் முன்பு குளிரவைத்து அதை உறங்கச் செய்துவிடுகிறார்கள். மிச்சமிருக்கிற சர்க்கரைதான் நாக்கில் இனிப்பாக நிற்கிறது. முன்பு தாமதமாக அறுத்த திராட்சையும் மலைக்குளிரும் இந்த வேலையைச் செய்தன. அறுவடை தாமதம், நிலவறை சில்லென்று ஆகிவிடும், கொதிப்பு பாதியில் அடங்கும். இப்போது குளிரூட்டும் தொட்டிகள் செய்கின்றன. சாராய அளவு 11, 12 சதவீதம். பாட்டிலைச் சூட்டில் வைத்தால் உள்ளே தூங்குகிற ஈஸ்ட் எழுந்து மறுபடி வேலையைத் தொடங்கிவிடும் என்ற பயத்தில் நுண்ணிய வடிகட்டியில் அரித்து அடைக்கிறார்கள்.

கோயமுத்தூருக்கு இது எப்படி வந்தது? ஜார்ஜியாவின் தலைநகர் திபிலீசியில் மருத்துவம் படிக்கிற நம்மூர்ப் பிள்ளைகள் இப்போது ஏராளம். இங்கே இடம் கிடைக்காமல், தனியார் கல்லூரிக் கட்டணமும் கட்ட முடியாமல், நிலத்தை அடகு வைத்து அனுப்புகிறார்கள். அப்படிப் போன ஒரு தோழரின் மகள் விடுமுறைக்கு வரும்போது விமான நிலையக் கடையில் இரண்டு பாட்டில் வாங்கி வந்தாள். முதல் பாட்டிலை சிங்காநல்லூரில் ஒரு வீட்டில் ஐந்து பேர் சேர்ந்து திறந்தோம். கண்ணாடிக் கிண்ணம் இல்லை, எவர்சில்வர் டம்ளர்தான். தொட்டுக்கொள்ளப் பள்ளிபாளையம் சிக்கன்.

முதல் மடக்கில் பன்னீர் திராட்சை ரசமோ என்று தோன்றும். தொண்டாமுத்தூர், நரசீபுரம் பக்கத்துத் தோட்டங்களின் அந்த வாசனையை அறிந்தவர்களுக்கு அப்படித்தான் தோன்றும். அடுத்த கணம் அது இல்லை என்று தெரிந்துவிடுகிறது. இனிப்பு முன்னால் வந்து நிற்க, அதன் முதுகுக்குப் பின்னாலிருந்து ஒரு புளிப்பு எட்டிப் பார்க்கிறது. விழுங்கிய பிறகு நாவல்பழம் தின்ற மாதிரி நாக்கின் ஓரத்தில் துவர்ப்பு படிகிறது. சிக்கனில் கிடக்கிற முழு மிளகாயின் காரத்தை இந்த இனிப்பு போட்டு அணைப்பதில்லை, தடவிக் கொடுக்கிறது. உலர்ந்த ஒயின்களை மட்டுமே ஒயின் என்று மதிக்கிற ஐரோப்பிய ருசிக்காரர்கள் அரை இனிப்பைச் சிறுபிள்ளைத்தனம் என்று ஒதுக்குவார்கள். காரமும் புளியும் உப்பும் ஒரே தட்டில் கிடக்கிற நம் சாப்பாட்டுக்கு முன்னால் அந்தத் தீர்ப்பு நிற்காது. கூட இருந்த தோழர் ஒருவர், பெண்ணியக் குழு ஒன்றில் இருப்பவர், நான் இப்படியெல்லாம் விளக்கிக்கொண்டே போனதைக் கேட்டுவிட்டு, "எல்லாம் சரிங்க தோழர், இந்த டம்ளரையெல்லாம் காலையில கழுவறது யாரு?" என்றார். அதற்குப் பின்னால் வருகிறேன்.

இரண்டாவது பாட்டிலை ஐஸ் பெட்டியில் வைத்துக் காங்கயம் பக்கம் ஒரு ஊருக்கு எடுத்துப் போனேன். அங்கே எனக்குத் தெரிந்த ஒரு பெரியவர் இருக்கிறார். எழுபதைத் தாண்டியவர். நாற்பது வருஷம் பனையேறியவர். 1987க்கு முன்னால் கள் இறக்கியவர், பிறகு தெளுவு. (மற்றவர்கள் பதநீர் என்பதைக் கொங்கில் தெளுவு என்போம்.) அவர் டம்ளரை வாங்கி முதலில் மோந்தார். பிறகு கொஞ்சமாய் வாயில் விட்டு, உடனே விழுங்காமல், கன்னத்துக்குள் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஒதுக்கிப் பார்த்தார். ஒயின் ருசிப்பதைப் பற்றிப் புத்தகங்களில் படமெல்லாம் போட்டு விளக்கியிருக்கும் முறை அது. அவருக்கு யாரும் கற்றுக்கொடுக்கவில்லை, அதாவது ஒயினுக்காகக் கற்றுக்கொடுக்கவில்லை.

"ஒணத்தியாத்தான் இருக்குதுங் தம்பி. காலங்காத்தால எறக்குன கள்ளாட்ட இருக்குது. வெயிலேறுனா இந்த இனிப்பு நிக்காதுங்களே, எப்புடி நிறுத்திப்போட்டாங்க?"

"குளிர்ல வெச்சு நிறுத்தறாங்களாங்க" என்றேன்.

"அட, நமக்குச் சுண்ணாம்பு, அவிங்களுக்குக் குளிராக்கும்" என்றவர், கொஞ்சம் கழித்து, "இதுக்கு அங்க கேசு போடமாட்டாங்களா?" என்று கேட்டார்.

ஒயின் விமர்சகர்கள் பக்கம் பக்கமாய் எழுதுவதை இந்த மனிதர் மூன்று வாக்கியத்தில் முடித்துவிட்டார். உற்பத்தி முறையைப் பற்றிய கேள்வி, ஒப்பீடு, மதிப்பீடு, கடைசியில் அரசு. எனக்கு முக்கியமாகப் படுவது அவருடைய ஒப்பீட்டின் அலகு நேரம் என்பது. கள்ளின் ருசி மணிக்கணக்கில் மாறுவது. விடியலில் இறக்கியது இனிக்கும், நுரை மெல்லியதாக இருக்கும். பத்து மணிக்குப் புளிப்பு சேரும். மத்தியானம் காரம் ஏறிவிடும். சாயங்காலத்துக் கள் வேறு சாதி. எந்த மரம், ஆண்பனையா பெண்பனையா, முட்டியைக் கழுவியதா பழைய மண்டியோடு விட்டதா என்பதெல்லாம் நாக்குக்குத் தெரிந்த தகவல்கள். ஒணத்தி என்ற கொங்குச் சொல்லைச் 'சுவை' என்று பெயர்த்தால் அதில் பாதி ஓடிவிடும். சுவை பொருளில் இருப்பது, ஆறு என்று எண்ணிவிடலாம். ஒணத்தி பொருளும் வாயும் நேரமும் சேர்ந்த இடத்தில் உண்டாவது. இவ்வளவு நுட்பமான ஒரு ரசனை மொழி இருந்திருக்கிறது. அதைப் பேசியவர்கள் எழுதவில்லை, எழுதியவர்கள் அதைப் பேசவில்லை.

எப்போதும் இப்படி இருந்ததில்லை. உவகை பிறக்கும் நான்கு நிலைக்களன்களில் புலனின்பத்தைத் தொல்காப்பியம் வெட்கமில்லாமல் சேர்த்திருக்கிறது. மூங்கில் குழாயில் ஊற்றி முதிரவிட்ட தேறலைச் சங்கப் புலவர்கள் பாடுகிறார்கள். யவனர் கொண்டுவந்த குளிர்ந்த மணமுள்ள தேறலைப் பாண்டியன் நன்மாறன் பருகி மகிழட்டும் என்று நக்கீரர் வாழ்த்துகிறார் (புறநானூறு 56). அந்த இறக்குமதிக்கு மண்ணுக்குள்ளிருந்தும் சாட்சி உண்டு. 1945ல் வீலர் அரிக்கமேட்டில் தோண்டியபோது மத்தியதரைக்கடல் பகுதி மதுச் சாடிகளின் ஓடுகள் கிடைத்தன. கொங்கின் வழியாகப் போன வணிகப் பாதையில் கொடுமணலும் கரூரும் இருக்கின்றன. கோவையை ஒட்டிய வெள்ளலூரில் ரோமானியக் காசுப் புதையல் எடுத்தார்கள். ஆக 'நமக்கும் ஒயினுக்கும் என்ன சம்பந்தம்' என்று கேட்பவர்கள் இரண்டாயிரம் வருஷம் தாமதமாகக் கேட்கிறார்கள். கள்ளுண்ணாமைக்குத் தனி அதிகாரம் வைத்த வள்ளுவர்கூடக் காமத்துப்பாலுக்கு வந்ததும் காதலின் மகிழ்ச்சியை அளக்கக் கள்ளைத்தான் அளவுகோலாக எடுக்கிறார். பொருட்பாலில் விலக்கப்பட்டது காமத்துப்பாலில் உவமையாகத் திரும்பி வருகிறது. தமிழ் வாத்தியார்கள் இந்த இரண்டு பக்கங்களையும் ஒரே வகுப்பில் நடத்துவதில்லை. நான் எம்.ஏ. படித்தபோதும் நடத்தவில்லை.

'இயற்கையான' என்ற சொல்லுக்கு வருவோம். ரொலாண் பார்த் 1957ல் வெளியிட்ட புத்தகத்தில் ஒயினையும் பாலையும் பற்றி ஒரு சிறு கட்டுரை இருக்கிறது. பிரெஞ்சுக்காரனுக்கு ஒயின் தேசிய அடையாளமாகிவிட்டது, அதைக் குடிக்கத் தெரிவது ஒரு தேசியத் தகுதியாகிவிட்டது என்று சொல்லிக்கொண்டே வருபவர், கடைசியில் அல்ஜீரியாவைக் காட்டுகிறார். அங்கே முஸ்லிம்களிடமிருந்து பறித்த நிலத்தில், அவர்களுக்கு ரொட்டியே இல்லாதபோது, அவர்கள் தொடாத ஒயினுக்காகத் திராட்சை பயிராகிறது. இயற்கை என்று நமக்குத் தோன்றுவதன் அடியில் வரலாறு கிடக்கும் என்பது அவருடைய வாதம். ஜார்ஜிய ஒயினையும் அப்படிக் கீறிப் பார்க்கலாம். எட்டாயிரம் வருஷப் பாரம்பரியம் என்கிறார்கள். அது வெறும் ஜம்பம் இல்லை, 2017ல் வெளியான ஆய்வு அங்கே கற்காலக் குடியிருப்புகளில் கிடைத்த பானை ஓடுகளில் திராட்சை மதுவின் எச்சத்தைக் காட்டியது. மண்ணில் புதைத்த க்வெவ்ரி என்ற பெருந்தாழிகளில் ஒயின் செய்யும் முறையை யுனெஸ்கோ 2013ல் பண்பாட்டு மரபாக ஏற்றது. ஆனால் அந்தத் தோட்டங்களில் உழைத்தவர்கள் பண்ணையடிமைகள், 1864க்குப் பிறகுதான் அவர்கள் விடுவிக்கப்பட ஆரம்பித்தார்கள். பாட்டிலின் முகப்பில் மலையும் ஆறும் இருக்கும், அவர்கள் இருக்கமாட்டார்கள்.

இங்கே விஷயம் இன்னும் விநோதமானது. ஒயினில் 'இயற்கை' என்று பெருமையாகச் சொல்லப்படுவது உண்மையில் ஒரு தடுப்பு. கொதிப்பை நடுவழியில் நிறுத்துகிற மனிதக் கை. பனையிலோ தென்னையிலோ நிலைமை தலைகீழ். பாளையிலிருந்து சொட்டுகிற சாறு முட்டியில் விழுந்ததுமே காற்றிலும் முட்டியிலும் இருக்கிற ஈஸ்ட் வேலையைத் தொடங்கிவிடும். யாரும் எதுவும் செய்ய வேண்டாம். இறக்கும்போதே அது பாதிக் கள். அதைக் கள்ளாகாமல் தடுக்கத்தான் முட்டியின் உள்புறம் சுண்ணாம்பு தடவ வேண்டும். ஆக, தமிழ்நாட்டுச் சட்டத்தில் ஒரு மனிதன் குற்றவாளியா இல்லையா என்பது ஒரு மண்பானையின் உள்பக்கம் வெளுத்திருக்கிறதா என்பதைப் பொறுத்தது. சுண்ணாம்பு தடவினால் குலத்தொழில் செய்யும் பனைத் தொழிலாளி, வாரியம் உண்டு. தடவ மறந்தால் கேசு. 2017ல் தென்னை நீராவுக்கு அனுமதி கொடுத்தபோது பொள்ளாச்சிப் பக்கம் பெரிய எதிர்பார்ப்பு எழுந்தது. அங்கும் இதே தர்க்கம்தான். புளிக்காமல் தடுக்கும் கலவை வேண்டும், இறக்கியதிலிருந்து விற்கும்வரை குளிரிலேயே இருக்க வேண்டும். காஹெத்தியில் குளிர் ஒயினை உண்டாக்குகிறது. பொள்ளாச்சியில் குளிர் கள்ளைத் தடுக்கிறது. ஈஸ்ட் ஒன்றுதான், ஐஸ் ஒன்றுதான். அது எந்த நொடியில் உறங்க வேண்டும் என்று தீர்மானிக்கிற உரிமை அங்கே செய்பவனிடம் இருக்கிறது, இங்கே அரசாங்கத்திடம் இருக்கிறது.

இந்த உரிமை எப்போது கைமாறியது என்றால், வெள்ளைக்காரன் காலத்துக்குப் போக வேண்டும். 1886ன் சென்னை ஆப்காரிச் சட்டமும் அதையொட்டி வந்த மரவரியும் ஏலமும் மரத்தையும் பாளையையும் கஜானாவோடு கட்டிப்போட்டன. பிறகு தேசிய இயக்கம் கள்ளைப் பாவமாக்கியது. 1921ல் ஈரோட்டில் கள்ளுக்கடை மறியல். நாகம்மையாரும் கண்ணம்மாளும் முன்னால் நின்றார்கள். அப்போது காங்கிரஸ்காரராயிருந்த பெரியார் சேலம் தாதம்பட்டியில் இருந்த தன் சொந்தத் தோப்பில் 500 தென்னைகளை வெட்டிச் சாய்த்தார். ராஜாஜி 1937 அக்டோபர் 1 முதல் சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைக் கொண்டுவந்தார். போன வருமானத்தை ஈடுகட்ட 1939ல் விற்பனை வரி வந்தது. இதெல்லாம் பள்ளிக்கூடப் பாடம். பாடத்தில் இல்லாதது, அந்த 500 மரங்களில் அதற்கு முந்தின நாள்வரை ஏறிக்கொண்டிருந்தவர்கள் மறுநாள் என்ன செய்தார்கள் என்பது. பெரியாரின் தியாகத்தைக் குறைத்துப் பேசுவதல்ல இது. தன் சொத்தைத் தானே வெட்டிக்கொள்ள எத்தனை தலைவர்களுக்கு மனசு வரும்? ஆனாலும் தோப்பின் கதையாடல் தோப்புக்காரரின் கதையாடலாகவே நமக்கு வந்து சேர்ந்திருக்கிறது.

மரத்தை வெட்டி மனிதனைத் திருத்தும் கனவு நமக்கு மட்டும் உரியதல்ல. 1985 மே மாதம் கோர்பச்சேவ் மது ஒழிப்பு இயக்கத்தைத் தொடங்கினார். வோட்காதான் குறி. ஆனால் வெட்டு விழுந்தது ஜார்ஜியா, மால்டோவா, கிரிமியா திராட்சைத் தோட்டங்களில். சோவியத் யூனியன் இரண்டு வழியாகவும் நஷ்டப்பட்டது. வரி போனது, கள்ளச்சாராயம் பெருகியது, சர்க்கரை கடைகளில் காணாமல்போனது. கொடி மறுபடி தழைக்க ஐந்தாறு வருஷமாவது ஆகும். அதற்குள் சோவியத் யூனியனே இல்லை. பிறகு 2006ல் ரஷ்யா ஜார்ஜிய ஒயினுக்குத் தடை போட்டது, பூச்சிமருந்து என்று காரணம் சொன்னது, 2013ல் நீக்கியது. இரு நாடுகளுக்கும் நடுவே இருந்த பகை எல்லோருக்கும் தெரிந்ததுதான். நாக்கின்மேல் அரசுகள் போடுகிற சண்டைக்குச் சுகாதாரம் எப்போதும் சௌகரியமான சாக்கு.

தமிழ்நாட்டுக் கதை இதைவிடக் கோணலானது. 1971ல் மதுவிலக்கு தளர்ந்து கள்ளும் சாராயமும் வந்தன, 1974க்குள் போயின. 1981ல் மறுபடி வந்தன. 1987 ஜனவரி 1 முதல் இரண்டுமே மூடப்பட்டன. ஆனால் டாஸ்மாக் 1983லேயே பிறந்துவிட்டது. 2003ல் சில்லறை விற்பனையும் அதன் கைக்குப் போனது. 2023-24ல் மது மூலம் அரசுக்கு வந்த வருமானம் 45,855 கோடி ரூபாய். ஆக நடந்தது மதுவிலக்கு அல்ல. நாலைந்து சதவீதச் சாராயம் கொண்ட, அன்றே இறக்கி அன்றே தீர்ந்துபோகிற, பாட்டிலில் அடைக்க முடியாத, ஆகவே கணக்கில் அடைக்க முடியாத ஒன்றை ஒழித்துவிட்டு, 42.8 சதவீதச் சாராயத்தைப் பாட்டிலில் அடைத்துக் கணக்கெழுதி விற்பது. இதன் ருசியைப் பற்றிப் பேச எதுவுமில்லை. ஒரே கரும்பாலைக் கழிவுச் சாராயம், நிறமும் வாசனையும்தான் வேறு வேறு. பெரியவர் கன்னத்துக்குள் ஒதுக்கிப் பார்த்தது போல இதை யாரும் ஒதுக்கிப் பார்ப்பதில்லை. மூக்கைப் பிடித்துக்கொண்டு கவிழ்ப்பதுதான் வழக்கம். ருசியை ஒழித்தபின் மிஞ்சுவது போதையின் வேகம் ஒன்றே.

அதே அரசு நகரங்களில் 'எலைட்' கடைகளைத் திறந்து குளிர்சாதன அறையில் வெளிநாட்டு ஒயின் விற்கிறது. பூர்தியூ 1979ல் ருசியை வர்க்கத்தின் முத்திரை என்று ஒரு தடித்த புத்தகம் எழுதி நிறுவினார். அவர் கோவைக்கு வந்திருந்தால் அரைப் பக்கத்தில் முடித்திருக்கலாம். மகாராஷ்டிரத்தில் 2022 ஜனவரியில் ஒயினைச் சூப்பர் மார்க்கெட்டில் விற்க அமைச்சரவை முடிவெடுத்தது, திராட்சை விவசாயிக்கு நல்லது என்று. (எதிர்ப்பு வந்து அது நின்றுபோனது வேறு விஷயம்.) அங்கே ஒயின் விவசாய விளைபொருளாகத் தெரிகிறது. இங்கே கள் காவல்துறை விஷயமாகத் தெரிகிறது. பானத்தின் வேதியியலில் இந்த வித்தியாசத்துக்கு இடமில்லை. குடிக்கிறவரின் சட்டையிலும், இறக்குகிறவரின் சாதியிலும் இருக்கிறது.

கள் இயக்கத்தைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. கொங்குதான் அதன் மையம். செ. நல்லசாமி பல வருஷமாகக் 'கள் உணவு, போதைப்பொருள் அல்ல' என்று பேசி வருகிறார். தடைக்கு நியாயம் இருக்கிறதென்று நிரூபித்தால் பத்துக் கோடி தருவதாகச் சவாலும் விட்டார். 2025 ஜூனில் சீமான் தூத்துக்குடி மாவட்டத்தில் பனையேறிக் கள் இறக்கிக் காட்டினார். கோரிக்கையில் நியாயம் உண்டு, மறுப்பதற்கில்லை. ஆனால் அந்தக் கோரிக்கையின் மொழியைக் கவனியுங்கள். கள் சத்தானது, மருந்தானது, பண்பாடானது. இன்பமானது என்று மட்டும் யாரும் சொல்வதில்லை. போதையைக் கைகழுவினால்தான் கள்ளுக்கு நியாயம் கிடைக்கும் என்பது எதிராளி வகுத்த விதி. அதே விதிக்குள் நின்றுகொண்டே வாதாடுகிறோம். கள்ளில் கொஞ்சம் கிறக்கம் உண்டு. வெயிலில் வேலை செய்து வந்தவன் சாயங்காலம் வேப்பமரத்தடியில் உட்கார்ந்து அந்தக் கிறக்கத்தை வேண்டுகிறான். அதை மறைத்து ஊட்டச்சத்துப் பட்டியல் காட்டுவது, உழைக்கிறவன் உடலுக்குச் சத்து மட்டும் போதும், சந்தோஷம் எதற்கு என்று கேட்கிற அதே பண்ணையாள் தர்க்கத்தின் இன்னொரு முனை.

இன்னொரு கேள்வி. இது யாருடைய உரிமை? மேடைகளில் 'விவசாயியின் உரிமை' என்றுதான் கேட்கிறது. கொங்கில் தோப்பு வைத்திருக்கிறவர் வேறு, மரத்தில் ஏறுகிறவர் வேறு. இந்த இரண்டுபேருக்கும் நடுவே சாதி இருக்கிறது. மரத்துக்குக் குத்தகை எவ்வளவு, முறைமரம் எத்தனை, விழுந்து இடுப்பொடிந்தால் யார் பொறுப்பு என்ற பேச்சு இல்லாத கள் விடுதலை, மரத்துக்காரரின் விடுதலையாக மட்டும் முடியும். டீக்கடையில் இரட்டைக் குவளை வைத்திருந்த ஊர்களில் நாளைக்குக் கள்ளுக்கடை திறந்தால் எத்தனை விதக் கோப்பை இருக்கும் என்பதையும் இப்போதே கேட்டுவைக்க வேண்டும். 'மண்ணின் பானம்' என்று பூரிக்கிறவர்கள் மண்ணில் இருக்கிற கோடுகளையும் பார்க்க வேண்டும்.

டம்ளர் கழுவுகிற கேள்விக்கு வருகிறேன். ஜார்ஜியர்களின் விருந்துக்குச் சுப்ரா என்று பெயர். தமாதா என்றழைக்கப்படும் ஒருவர் எழுந்து வாழ்த்துச் சொல்ல, பிறகுதான் குடிக்க வேண்டும். நாடு, செத்தவர்கள், குழந்தைகள், நட்பு என்று வரிசை உண்டு. தனியாக மடமடவென்று குடிப்பது அங்கே மரியாதையல்ல. குடியைப் பேச்சோடு கட்டிப்போட்ட அழகான ஏற்பாடுதான். ஆனால் மரபுப்படி தமாதா ஆண். பெண்களுக்கு வாழ்த்து ஒன்று உண்டு, அந்த வாழ்த்தைச் சொல்லும்போது அவர்கள் பெரும்பாலும் அடுப்படியில் இருப்பார்கள். நம்மூர்ப் பெண்களுக்கு மது என்பது ருசியாக வந்ததே இல்லை, அடியாகத்தான் வந்தது. 2017 ஏப்ரலில் திருப்பூர் பக்கம் சாமளாபுரத்தில் மதுக்கடை வேண்டாமென்று சாலையில் உட்கார்ந்த பெண்களில் ஒருவரைப் போலீஸ் அதிகாரி கன்னத்தில் அறைந்தார். அந்தக் காட்சியை நாடே பார்த்தது. அந்தப் பெண்களிடம் போய் ஒணத்தி பற்றிப் பேச எனக்கு என்ன யோக்கியதை என்று தோழர் கேட்டால், கேள்வி நியாயமானது. நான் சொல்லக்கூடியது ஒன்றுதான். அவர்கள் எதிர்த்தது ருசியை அல்ல, ருசியே இல்லாத ஒரு வேகத்தை, அதைப் பள்ளிக்கூடத்துக்கும் பேருந்து நிறுத்தத்துக்கும் பக்கத்தில் கொண்டுவந்து வைத்த அரசை. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் மெத்தனால் கலந்த சாராயத்தைக் குடித்து 60க்கு மேற்பட்டவர்கள் செத்தபோது அழுதுகொண்டு நின்றவர்களும் பெரும்பாலும் பெண்கள்தான். கள் இருந்தால் அந்தச் சாவு நேர்ந்திருக்காது என்று கள் இயக்கத்தார் மாதிரி என்னால் அடித்துச் சொல்ல முடியாது. கள்ளுக்கடையில் நிற்கிற கணவனும் வீட்டுக்கு வந்து அடிக்கலாம். ஆனால் கொங்கில் வேலைக்குப் போன கிழவிகள் சாயங்காலம் ஒரு சொம்புக் கள் குடித்துவிட்டு வெற்றிலை போட்ட காலம் ஒன்று இருந்தது. அதைப் பார்த்தவர்கள் இன்னும் உயிரோடு இருக்கிறார்கள். பாட்டில் வந்ததும் அந்தப் பெண்கள் வட்டத்துக்கு வெளியே போய்விட்டார்கள். பாருக்குள் அவர்களுக்கு நாற்காலி இல்லை.

ஞாயிற்றுக்கிழமைகளில் கோவையிலிருந்தும் பொள்ளாச்சியிலிருந்தும் வேலந்தாவளம், மீனாட்சிபுரம் வழியாக எல்லை தாண்டிப் போகிறவர்களை எண்ணிப் பார்த்தால் தெரியும். அங்கே கேரளம், கள்ளுக்கடைகள் சட்டப்படி நடக்கின்றன. சித்தூர் வட்டத்துத் தென்னந்தோப்புகளின் கள் கேரளத்தின் பல மாவட்டங்களுக்கு வண்டியில் போகிறது. சாலைக்கு இந்தப் பக்கம் தென்னை, அந்தப் பக்கமும் தென்னை. ஒரே மண், ஒரே காற்று, பேசுவதும் பாதிப்பேர் தமிழ். அந்தப் பக்கம் முட்டி கட்டியிருக்கிறது, இந்தப் பக்கம் இல்லை. நானும் போயிருக்கிறேன். கப்பையும் மீன்குழம்பும் வைத்துக்கொண்டு குடித்த அந்தக் கள்ளில், சோப்பு நுரை மாதிரி மிதந்த அந்த வெள்ளை நுரையில், ஜார்ஜியாவின் 22ஆம் எண்ணுக்கு எந்த விதத்திலும் குறையாத ஒன்று இருந்தது. கடையில் அதற்கு 'மதுரக் கள்', 'மூத்த கள்' என்று பெயர் வைத்துக் கேட்டு வாங்குகிறார்கள். பெயர் இருக்கிற இடத்தில்தான் தேர்வு இருக்கும்.

காங்கயத்துப் பெரியவரின் இரண்டு மகன்களும் திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கிறார்கள். ஏறத் தெரியாது. 2021க்குப் பிறகு பனையை வெட்ட மாவட்ட ஆட்சியர் அனுமதி வேண்டும் என்று அரசு சொல்லியிருக்கிறது. மரம் தப்பிக்கலாம். காலையில் மேலே போய்ப் பாளையின் நுனியை ஒரு காகிதத்தின் கனத்துக்குச் சீவி, இன்றைக்குச் சாறு எப்படி இருக்கும் என்று விரலில் தொட்டுப் பார்க்கிற அந்தக் கையைக் காப்பாற்ற எந்த ஆட்சியரிடம் மனுக் கொடுப்பது? நாற்பது வருஷ நாக்கின் அறிவைக் குறித்து வைக்க ஒரு நோட்டுப் புத்தகமாவது எடுத்துக்கொண்டு போகலாம் என்று நாலைந்து நண்பர்கள் பேசியிருக்கிறோம். சொற்களைப் பதிவு செய்வது முதல் வேலை. மரக் குத்தகைக் கணக்குகளைச் சேகரிப்பது இரண்டாவது. பெண்களிடம் தனியாகக் கேட்க வேண்டும், அந்தப் பொறுப்பை டம்ளர் கேள்வி கேட்ட தோழர் ஏற்றிருக்கிறார். அரச்சலூர், சென்னிமலை, தாராபுரம் பக்கம் பழைய மரமேறிகளைத் தெரிந்தவர்கள் எழுதினால் நல்லது. தெளுவுக் காலம் மாசி, பங்குனியில் தொடங்கிவிடும்.